சாவியைக் கையில் வையுங்கள்

(கொழிஞ்சாம்பாறையில் சிறு கடைக்காரர்களும் தொழிலாளர் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கடையை எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ராத்திரி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே வளர்த்தாமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நம்மவர்களில் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் தோப்புக்கோ செங்கல் சூளைக்கோ கல் குவாரிக்கோ கூலிக்குப் போகிறார். இன்னொருவர் ரோட்டோரம் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து இட்லிக் கடையோ தையற் கடையோ பஞ்சர் கடையோ வைத்திருக்கிறார். கூலி வாரத்தில் நாலு நாள் வரும், ரெண்டு நாள் வராது. அடுப்பு அணையாமல் இருப்பது அந்தச் சின்ன அறையினால்தான். அந்த அறைக்கு ஆபத்து வருகிறபோது அது சண்டையாக வருவதில்லை. சிரித்த முகத்தோடு வருகிறது. "கட்டிடத்தைக் கொஞ்சம் மராமத்துப் பண்ணணும்" என்று வருகிறது.

நம் கண் முன்னால் நடந்ததையே சொல்கிறோம். பொள்ளாச்சி ரோட்டில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு வரிசை. அதில் ஒரு அறையில் நம் சகோதரி ஒருவர் பலகாரக் கடை நடத்தினார். பதினோரு வருஷம். ஒரு கோடைக்காலத்தில் கட்டிடக்காரர் வந்தார். "அக்கா, மழைக்கு முன்னாடி ஓட்டை எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடறேனுங்க. ஒரு மாசம் சாவியைக் குடுங்க. முடிஞ்சதும் நீங்களே வந்து பால் காய்ச்சுங்க" என்றார். அந்த அம்மாவும், "நீங்க சொன்னாச் சரிங்க தம்பி" என்று பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். பதினோரு வருஷம் முகம் பார்த்துப் பழகிய மனுஷரிடம் எழுதிக் கொடு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு மாசம் ஐந்து மாசமாயிற்று. முன்னால் ஜல்லி கொட்டினார்கள், சாரம் கட்டினார்கள், பிறகு வேலையை அப்படியே நிறுத்தினார்கள். கடைசியில் புதுச் ஷட்டர் போட்டு வேறொருவர் செல்போன் கடை திறந்தார். போய்க் கேட்டபோது கிடைத்த பதில், "நீங்கதானே காலி பண்ணிட்டுப் போனீங்க?" என்பது. நம்மிடம் ஓடி வந்தார். என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டோம். பதினோரு வருஷ வாடகைக்கு ஒரு ரசீது கிடையாது. அட்வான்ஸ் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. சாவியும் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் சகோதரி இன்னொருவர் கடையில் மாவு அரைக்கிறார்.

அதே வரிசையில் கடைசி அறையில் ஒரு தையற்காரர். அவரிடமும் சாவி கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. மெஷினைத் தார்ப்பாயால் மூடி உள்ளேயே வைத்துவிட்டு, எதிர்த் திண்ணையில் இன்னொரு மெஷினைப் போட்டுத் தைத்தார். காலையில் ஆட்கள் வந்தால் தாமே திறந்து விட்டார், சாயந்திரம் தாமே பூட்டினார். வாடகையை மாதம் தவறாமல் அஞ்சலகப் பணவிடையில் அனுப்பினார். அவர் இன்றும் அதே அறையில் தைக்கிறார்.

இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் படிப்பும் அல்ல, பணமும் அல்ல. ஒருவர் கையில் சாவி இருந்தது, இன்னொருவர் கையில் இல்லை. நாம் சொல்ல வந்ததன் பாதி அவ்வளவுதான். மீதிப் பாதி ஏன் என்பது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடுவோம். "கேரளத்தில் உழுதவனுக்கே நிலம் கொடுத்துவிட்டார்கள், பத்து வருஷம் இருந்தால் கடையும் நமக்குத்தான்" என்று சிலர் பேசுகிறார்கள். 1970 ஜனவரி 1 முதல் குத்தகைச் சாகுபடிதாரருக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது உண்மை. குடிகிடப்புக்காரர்களுக்கு மனையில் உரிமை கிடைத்ததும் உண்மை. ஆனால் கட்டிடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்த கடைக்காரனை அந்தச் சட்டம் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை. நமக்கு இருப்பது வேறு சட்டம்: 1965ஆம் வருஷத்துக் கேரளக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது கட்டிடத்தை நமக்குக் கொடுக்காது. காரணமில்லாமல் நம்மை வெளியே தள்ளுவதைத் தடுக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் என்னென்ன காரணத்துக்காக வாடகைக்காரனைக் காலி செய்ய வைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. வாடகை பாக்கி, சொந்த உபயோகம், உள்வாடகைக்கு விடுதல் என்று போகிறது. அதில் "மராமத்து" என்று ஒரு காரணம் இல்லை. இருப்பது புனர்நிர்மாணம், அதாவது கட்டிடத்தையே புதிதாகக் கட்டுவது. அதற்கும் கட்டிடக்காரர் வாடகைக் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கட்டிடம் திரும்பக் கட்ட வேண்டிய நிலையில் இருக்கிறதா? பிளானும் லைசென்சும் கையில் உண்டா? கட்டி முடிக்கப் பணவசதி உண்டா? இது காலி செய்ய வைக்கும் சாக்கு அல்ல என்று கோர்ட் நம்புகிறதா? இத்தனைக்கும் பிறகு காலி செய்தாலும், புதுக் கட்டிடத்தில் முதல் வாய்ப்பு பழைய வாடகைக்காரனுக்கே என்று சட்டம் சொல்கிறது. நியாய வாடகை கொடுக்க வேண்டும், அவ்வளவே. சொன்ன காலத்தில் கட்டாமல் ஏமாற்றினால் கோர்ட் வாடகைக்காரனைத் திரும்ப உள்ளே வைக்கலாம், அல்லது வேறு இடத்தில் அவன் கொடுக்கும் கூடுதல் வாடகையை நஷ்டஈடாக வாங்கிக் கொடுக்கலாம். வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் 500 ரூபாய் அபராதமும் உண்டு. 1965இல் எழுதிய 500 ரூபாய். இன்று அதற்கு ஒரு லோடு எம்-சாண்ட் வராது. அந்தத் தொகையைத் திருத்தச் சொல்லி நாம் கேட்க வேண்டியிருக்கிறது, அது வேறு போராட்டம்.

இந்த உரிமைகள் எல்லாம் கோர்ட் வழியாகக் காலி செய்தவனுக்கு. வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்தவன் சட்டத்தின் கண்ணுக்குத் தானாக விட்டுப் போனவன் மாதிரித் தெரிவான். பிறகு, தான் போகவில்லை, போக வைக்கப்பட்டேன் என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். நம் பலகாரக் கடைச் சகோதரி அங்கேதான் தோற்றார்.

இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் கடையை உபயோகிக்காமல் விட்டால் அதுவே காலி செய்ய ஒரு காரணம் என்று அதே 11ஆம் பிரிவு சொல்கிறது. சாரத்தைக் கட்டி, ஜல்லியைக் கொட்டி, வாசலை அடைத்து, வேலையை இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வியாபாரம் இல்லையென்று நீங்களே பூட்டிவிட்டு ஊருக்குப் போவீர்கள். ஆறு மாதம் ஆகும். பிறகு நோட்டீஸ் வரும். ஆகவே அரை நாளாவது திறங்கள். திறக்கவே முடியாதபடி அடைத்திருந்தால், எந்தத் தேதியிலிருந்து எதனால் திறக்க முடியவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கட்டிடக்காரருக்கு அனுப்புங்கள். போட்டோ எடுத்து வையுங்கள், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கரண்ட் பில்லையும் பஞ்சாயத்து லைசென்சையும் விட்டுவிடாதீர்கள்.

தீபாவளிக்கும் நோம்பிக்கும் ஊருக்குப் போகிறபோது கடையை மச்சானிடம் ஒப்படைத்து, அவன் தனியே நடத்தி உங்களுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுப்பதும் உள்வாடகை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாடகை விஷயம். இங்கே நாம் நம்மையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு இப்படியொரு வரிசையில் மராமத்து நடந்தபோது, "வியாபாரம் இல்லாத மாதத்துக்கு வாடகை எதற்கு? கொடுக்காதீர்கள்" என்று நம் ஆட்களே மேடையில் பேசினோம். கை தட்டல் பலமாக இருந்தது. மூன்று பேர் அதைக் கேட்டு வாடகையை நிறுத்தினார்கள். கட்டிடக்காரர் மராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பாக்கி என்று மட்டும் கேஸ் போட்டார். பாக்கிக்கு நோட்டீஸ் வந்த பதினைந்து நாளுக்குள் வட்டியோடு கட்டினால் அந்த வழக்குக்கே இடமில்லாமல் போகும். கோர்ட் உத்தரவு போட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் பாக்கி, வட்டி, செலவு எல்லாவற்றையும் கட்டி உத்தரவை நீக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு அன்று தெரியாது, அந்த மூன்று பேருக்கும் சொல்லித் தரவில்லை. இருவர் கடையை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், நம்மோடு இன்னமும் பேசுகிறார் என்பது அவருடைய பெரிய மனசு.

ஆகவே வாடகையை நிறுத்தாதீர்கள். குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இதற்குச் சட்ட ஆதாரமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வாடகையைச் செலுத்தி வருகிற வாடகைக்காரன் இடையூறு இல்லாமல் அந்த இடத்தை அனுபவிக்கலாம் என்று சொல்கிறது. "வாடகையைச் செலுத்தி வருகிற" என்ற நிபந்தனையைப் பாருங்கள். வாடகையை நிறுத்தினவன் அந்த வாசகத்தைத் தன் கையாலேயே அடித்துவிடுகிறான்.

இந்த ஒரு தத்துவத்தை வைத்து லண்டனில் 2016இல் ஒரு வழக்கு நடந்தது. மேஃபேர் என்ற பணக்காரப் பேட்டையில் கீழ்த்தளத்தில் ஓவியங்கள் விற்கும் ஒரு கூடம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான பவுண்டு வாடகை. கட்டிடக்காரர் மேல் மாடிகளைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். கட்டிடம் முழுக்கச் சாரம், கடை இருப்பதே வெளியே தெரியவில்லை, உள்ளே சத்தம் தாங்க முடியவில்லை. ஒப்பந்தத்திலேயே கட்டிடம் கட்டும் உரிமை கட்டிடக்காரருக்கு எழுதி வைத்திருந்தது. அப்படியிருந்தும் கோர்ட் என்ன சொன்னது? உரிமை இருக்கலாம், ஆனால் அதை நியாயமாக நடத்த வேண்டும், வாடகைக்காரனைக் கலந்து பேசாமல், அவன் கஷ்டத்துக்கு ஒரு சலுகையும் கொடுக்காமல் இப்படிச் செய்தது தவறு என்றது. வாடகையில் 20 சதவிகிதத்தை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது. சீமையில் படம் விற்கிறவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பது சரிதான். ஆனால் என்ன கேட்கலாம் என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எப்போது ஆரம்பித்து எப்போது முடிப்பீர்கள், இடிக்கிற வேலையை வியாபார நேரத்துக்கு வெளியே வைக்க முடியுமா, சாரத்தில் நம் கடைப் பலகையைக் கட்ட இடம் விடுவீர்களா, வாசலுக்கு ஒரு ஆள் போகும் வழியாவது இருக்குமா, அந்த மாதங்களுக்கு வாடகையில் எவ்வளவு தள்ளுபடி. இந்த ஐந்தும் இட்லிக் கடைக்கும் பொருந்தும் கேள்விகள்தான்.

மராமத்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒழுகுகிற கூரையின் கீழே அடுப்பு வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் நாம். 2018 ஆகஸ்டில் பாலக்காடு நகராட்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடைகள் நிறைந்த ஒரு பழைய கட்டிடம் சரிந்து விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே மராமத்து நடந்துகொண்டிருந்தபோதே விழுந்தது. கட்டிடத்தைச் செம்மையாக வைத்திருப்பது கட்டிடக்காரரின் கடமை என்று 1965 சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அவர் செய்யாவிட்டால் அக்கமொடேஷன் கண்ட்ரோலர் என்ற அதிகாரியிடம் மனுக் கொடுத்து, உத்தரவு வாங்கி, நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். உத்தரவு வாங்காமல் சுவரை இடிக்கவோ மாற்றவோ போகாதீர்கள், அது உங்கள் தலையில் விழும். அதேபோல் மராமத்து என்று சொல்லித் தண்ணீரையோ மின்சாரத்தையோ காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் அதே அதிகாரிதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த வாடகைச் சட்டம் கேரளம் முழுக்கத் தானாகப் பொருந்துவது அல்ல. சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்த பகுதிகளுக்கும் சர்க்கார் அறிவிப்பால் சேர்த்த பகுதிகளுக்கும்தான். கொழிஞ்சாம்பாறையில் மட்டுமல்ல, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் குமுளி, மூணாறு என்று பல இடங்களில் கடை வைத்திருக்கிறவர்கள் இதைப் படிப்பார்கள். உங்கள் பஞ்சாயத்து சேர்ந்ததா என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கட்டிடக்காரர் புதுக் கட்டிடத்துக்குப் பெர்மிட் வாங்கியிருக்கிறாரா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம். சேராத இடமாக இருந்தால் நிலைமை கடினம். மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்பது 1882 சட்டம். ஆனால் அங்கேயும் நோட்டீஸ் கொடுத்ததும் பூட்டை உடைத்துவிட முடியாது, கோர்ட் வழியாகத்தான் வர வேண்டும். சட்ட வழியில் இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவன் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், கட்டிடம் யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அவனைத் திரும்ப உள்ளே வைக்கலாம் என்று 1963ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம், 6ஆம் பிரிவு, சொல்கிறது. ஆறு மாதம். ஏழாவது மாதம் நம்மிடம் வந்து அழுது பிரயோசனமில்லை.

பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 1960ஆம் வருஷச் சட்டத்தில் மராமத்துக்காகக் காலி செய்து, வேலை முடிந்ததும் திரும்ப வருவதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அந்தச் சட்டமே 2019 பிப்ரவரியில் போய்விட்டது. இப்போது இருக்கும் 2017 சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

கட்டிடம் இடிந்தே போனால்? இடிந்ததோடு வாடகை உரிமையும் போயிற்று என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்தது. 2014இல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த வழக்கொன்றில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அது சரியல்ல என்றார்கள். நகராட்சி இடித்த கட்டிடம் அது. கட்டிடம் போனாலும் அது நின்ற மண்ணில் வாடகைக்காரனின் உரிமை தொடர்கிறது என்பது தீர்ப்பு. ஆகவே இடித்துவிட்டார்கள், இனி என்ன என்று கை கழுவிவிட்டுப் போய்விடாதீர்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் ஸ்டால் வைத்திருக்கும் நம் ஆட்கள் இதை மாற்றி நினைக்கக் கூடாது. ஸ்டால் என்பது லைசென்ஸ், வாடகை அல்ல. பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையை அகலப் பாதையாக்க 2008 கடைசியில் நிறுத்தினார்கள், 2015இல்தான் ரயில் திரும்ப ஓடிற்று. அந்த ஏழு வருஷத்தில் ஸ்டேஷன் வாசலில் பிழைத்தவர்கள் என்ன பட்டார்கள் என்பது புதுநகரத்திலும் முதலமடையிலும் கேட்டால் தெரியும். மராமத்து எவ்வளவு நாள் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு வைக்க வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வது அதனால்தான்.

கட்டிடக்காரர்களில் மலையாளியும் உண்டு, நம் தமிழரும் உண்டு. நம் பலகாரக் கடைச் சகோதரியின் கட்டிடக்காரர் தமிழர்தான். இதை மொழிச் சண்டையாக்க வருகிறவர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மொழி வருவது வேறு இடத்தில். வாடகைச் சீட்டு மலையாளத்தில் எழுதியிருக்கும், நம் ஆள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். பதினோரு மாதம் என்று ஏன் எழுதுகிறார்கள் தெரியுமா? ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், அதற்காக. படிக்கத் தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தமிழில் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். அதிகாரிகளுக்கு மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். குறை தீர்க்கச் சொல்லிக் கொடுக்கும் மனுவை நாட்டிலும் மாநிலத்திலும் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் ஷரத்து சொல்கிறது. தமிழ் மனுவை வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்பீர்கள். தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்குக் கேட்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987ஆம் வருஷச் சட்டம். கடை அம்மா பேரில் இருந்தால் அம்மாவே போகட்டும்.

கடைசியாக ரசீது. ரயில்வே பார்சல் ஆபீசில் உட்காருகிற எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும், ரசீது இல்லாமல் ஒரு கூடை வெற்றிலை கூட பிளாட்பாரத்தை விட்டு நகராது. நீங்கள் வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல். வாடகை கொடுத்தால் ரசீது கேட்பது சட்டப்படி உங்கள் உரிமை. கேட்க வாய் வராவிட்டால் வங்கியிலோ போனிலோ அனுப்புங்கள், அதுவே சாட்சி. கட்டிடக்காரர் வாங்க மறுத்தால் பணவிடையில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்தப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள், பணத்தை விட அது பெரியது.

ஒருவர் தனியாகப் போய்ச் சாவி தர மாட்டேன் என்று சொல்வது கஷ்டம், முகம் பார்த்துப் பழகினவர்கள். ஐந்து அறைக்காரர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் முகத்தாட்சணியம் ஐந்தாகப் பிரிந்துவிடும். அந்தக் கடிதத்தின் மாதிரியை எழுதி நகல் எடுத்து வந்திருக்கிறோம். வேலை தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாடகைத் தள்ளுபடி, அறை திரும்ப நமக்கே என்ற உறுதி, சாவி நம் கையில் இருக்கும் என்ற வரி, எல்லாம் அதில் இருக்கிறது. பூர்த்தி செய்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாடகைச் சீட்டோ ரசீதோ வைத்திருப்பவர்கள் இடது பக்க மேஜைக்கு வாருங்கள். ஒரு காகிதமும் இல்லாதவர்கள் வலது பக்க மேஜைக்கு வாருங்கள். அங்கேதான் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று தெரியும். அதனால் அங்கே இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறோம்.